சினிமா கேள்வி–பதில்: 1947-ஐப் படம் பிடித்தது யார்?

முதல் சுதந்திர தினக் காட்சிகளை இந்திய அரசுதானே எடுத்திருக்கும்? – திண்டுக்கல் வாசகர்

இல்லை. 1947 ஆகஸ்டில் அரசிடம் சொந்தமாகப் படப்பிடிப்புப் பிரிவே கிடையாது. இருந்ததை முந்தைய ஆண்டுதான் இழுத்து மூடியிருந்தார்கள்.

உலகப்போர் பிரசாரத்துக்காகப் பிரிட்டிஷ் அரசு 1943-ல் ‘இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆஃப் இந்தியா’, ‘இந்தியன் நியூஸ் பரேடு’ என்ற பிரிவுகளைத் தொடங்கியது. செய்திப்படங்கள் தமிழிலும் வந்தன. போர்க்கால விதியைக் காட்டி, இவற்றைத் தியேட்டர்கள் ஓட்டியே ஆகவேண்டும், வாடகையும் கட்டவேண்டும் என்றார்கள். காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருந்த காலம் அது. அந்தக் கோபம் 1946-ல் மத்திய சட்டசபையில் வெடித்தது, நிதி வெட்டப்பட்டது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அடுத்த ஆண்டே தேவைப்படப்போகிற கேமராவுக்கும் சேர்த்து அல்லவா பூட்டுப் போட்டார்கள்! அதனால் நாம் பார்க்கும் காட்சிகள் தனியார் ஒளிப்பதிவாளர்களும் வெளிநாட்டுச் செய்திப்பட நிறுவனங்களும் எடுத்தவை. செய்திப்படமும் ஆவணப்படமும் எடுக்கும் அரசுப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் 1948-ல்தான் வந்தது.

பழைய படச்சுருள் ஒன்று கிடைத்திருக்கிறது. 1947-ல் எடுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – காரைக்குடி வாசகர்

முதலில் புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். காய்ந்து சுருங்கிய பிலிமின் துளைகள் பல்சக்கரத்தில் சிக்கிக் கிழியும். 35 மி.மீ. சுருளாக இருந்தால் எளிதில் தீப்பற்றும் பழைய நைட்ரேட் பிலிமாகவும் இருக்கலாம். தீப்பிடித்தால் தண்ணீரில்கூட அணையாது. பிசுபிசுப்போ பழுப்புத் தூளோ தெரிந்தால் பிரிக்காமல் ஆவணக் காப்பகத்துக்குச் சொல்லுங்கள்.

நல்ல நிலையில் இருந்தால், தலைப்பகுதியில் சில அடி மட்டும் பிரித்து, ஓரத்தை லென்ஸால் பாருங்கள். கோடாக் பிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும். படம் எடுத்த ஆண்டை அல்ல. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும் என்பதால் 1947-க்கும் 1967-க்கும் ஒன்றுதான். பிரதி எடுத்தபோது மூலச்சுருளின் குறியும் சேர்ந்து பதிந்துவிடுவதுண்டு. ஆகவே குறியை மட்டும் நம்பாமல் காட்சியையும் பாருங்கள். செங்கோட்டையில் நேரு கொடியேற்றினால் அது 1947 ஆகஸ்ட் 15 அல்ல. அந்த ஆண்டு அங்கே கொடி ஏறியது 16-ம் தேதி. இணையத்தில் பாதித் தலைப்புகள் இதில்தான் சறுக்குகின்றன. ஆரவார ஒலியையும் சான்றாக எடுக்காதீர்கள். செய்திப்படங்களைப் பெரும்பாலும் ஒலியில்லாமல் எடுத்து, கைதட்டலையும் இசையையும் ஸ்டுடியோவில் சேர்த்தார்கள்.

வெள்ளைக்காரனோடு கட்டாயத் திரையிடலும் போய்விட்டதா? – சேலம் வாசகர்

எங்கே போனது! போர்க்கால விதிப்படி ஒரு காட்சியில் தியேட்டர் ஓட்டியே ஆகவேண்டிய அரசுப் படத்தின் உச்சவரம்பு 2,000 அடி. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், அதாவது சுமார் 22 நிமிடம். சுதந்திர இந்தியாவிலும் அரசுப் படத்தைப் போடுவது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனையாகவே நீடித்தது, வாடகையும்தான். போர்க்காலப் பிரிவில் இருந்த எஸ்ரா மிர் பின்னாளில் பிலிம்ஸ் டிவிஷனின் தலைமைத் தயாரிப்பாளரானார். காட்சியைப் பேசவிடாமல் மேலேயிருந்து விளக்கிக்கொண்டே போகும் அந்த வர்ணனைக் குரலும் அப்படியே வந்து சேர்ந்தது.