மேகம் போர்வையா?

வணக்கம் ஐயா,

பகலில் மேகம் மூடினால் வெயில் தணிகிறது. இரவில் மூடினால் புழுங்குகிறது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் இரவுகளில்தான் விடிகாலைக் குளிர் நடுக்குகிறது. மேகம் ஒரு போர்வை என்று பள்ளியில் படித்தேன். போர்வை பகலில் மட்டும் எப்படிக் குளிர்விக்கும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களைக் குழப்புவது அந்தப் போர்வைதான். போர்வை சூடான காற்றை வெளியேறவிடாமல் தடுக்கிறது, அவ்வளவே. மேகம் செய்வது வேறு வேலை.

பகல் கதை எளிது. மேகம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, தரைக்கு வருவது குறைகிறது.

இரவில் தடுக்க வெயில் இல்லை. ஆனால் தரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகத் தன் வெப்பத்தை இராப்பகலாக இழந்துகொண்டே இருக்கிறது. மேகத்தின் நீர்த்துளிகள் அதை விழுங்கிவிட்டு, தாமும் கீழ்நோக்கி அகச்சிவப்பை வீசுகின்றன. தாழ்வான மேகத்தின் அடிப்புறம் தரையைவிடக் கொஞ்சம்தான் குளிர்ந்தது என்பதால், போனதில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடுகிறது. (புழுக்கத்துக்குக் காற்றின் ஈரமும் காரணம். பழியை மேகத்தின் மேல் மட்டும் போட வேண்டாம்.)

மேகமில்லாத இரவிலும் நீராவியும் கரியமில வாயுவும் இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் சுமார் 8 முதல் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளமுள்ள அகச்சிவப்பில் பெரும்பகுதி அவற்றிடம் சிக்காமல் நேரே விண்வெளிக்குப் போய்விடுகிறது. இப்படி வெப்பத்தை இழக்கும் புல், மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதனால்தான் ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதே புல் நுனியில் உறைபனி படிகிறது. பக்கத்து மரத்தடியில் பாருங்கள், புல் பெரும்பாலும் உறையாமல் இருக்கும். அங்கே மேகத்தின் வேலையை இலைகள் பார்த்துவிடுகின்றன.

பூமி முழுவதற்குமான கணக்கும் இதே வரவுசெலவுதான். சூரியனிலிருந்து சராசரியாகச் சதுர மீட்டருக்கு 340 வாட் வருகிறது. அதில் சுமார் 100 வாட் அப்படியே திரும்பிப் போகிறது. மீதி 240 வாட்டையும் பூமி அகச்சிவப்பாக வெளியே அனுப்பியாக வேண்டும். வாயுக்களும் மேகங்களும் அந்த வெப்பத்தைப் பிடித்து வைக்காவிட்டால், தரையின் சராசரி 15 டிகிரிக்குப் பதில் மைனஸ் 18 டிகிரியாக இருக்கும்.

சரி, மேகத்தின் இரண்டு வேலைகளில் எது ஜெயிக்கிறது? மொத்தத்தில் குளிர்விப்பதுதான். 1980களில் செயற்கைக்கோள்கள் அளந்ததை வைத்து காலநிலை விஞ்ஞானி வி. ராமநாதனும் குழுவினரும் 1989இல் இதைக் காட்டினார்கள். ஆனால் எல்லா மேகமும் ஒன்றல்ல. தாழ்வான தடித்த மேகம் குளிர்விக்கும். மிக உயரத்தில் மெல்லிசாகப் படரும் கீற்று மேகமோ வெயிலை உள்ளே விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். பூமி சூடேறும்போது இவற்றில் எது எவ்வளவு கூடும், குறையும் என்பதில்தான் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இன்னும் தமக்குள் முரண்படுகின்றன.