பெட்டியில் எழுதிய பெயர்

ஐயா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அண்ணன் பதினேழு வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் நிலைமை அவர் எழுதித்தான் வெளியே தெரிந்தது. என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். போன தேர்தலில் ஒரு கட்சி மேடையில் ஏறினார். இப்போது வெளிநாட்டில் தூதரக வேலை கிடைக்கப் போகிறதாம். ஊரில் 'கைக்கூலி' என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பத்திரிகைக்காரர் இப்படிப் போவது சரியா? பேனாவின் புனிதம் என்னாவது?

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தக் 'கைக்கூலி'யைக் கீழே வையுங்கள். ஊரெல்லாம் நம்மைக் கூலி என்று ஏசியது போதாதா? கொழுந்து பறித்தவரின் பேத்தி அதே சொல்லை எடுத்துச் சொந்த அண்ணன்மேல் எறிகிறீர்கள். அவர் முகத்துக்கு நேரே கேட்டீர்களா? இல்லை என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. எனக்கு எழுதுகிற நேரத்தில் அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

பேனாவின் புனிதத்தையும் விட்டுவிடுவோம். மலையகத்தில் பத்திரிகையும் அரசியலும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பரா. 'தேசபக்தன்' பத்திரிகை நடத்திய நடேசய்யர், வெளியாள் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடம் போட்டுப் போனவர். தொழிற்சங்கம் கட்டினார், 1936-ல் அட்டனிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கும் போனார். மனைவி மீனாட்சியம்மை பாட்டுக் கட்டித் தொழிலாளர் முன்னால் பாடினார். கவிதை எழுதிய சி.வி. வேலுப்பிள்ளை 1947-ல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். மறுவருடமே குடியுரிமைச் சட்டம் வந்து, அவருக்கு வாக்களித்தவர்களை நாடற்றவர்களாக்கியது. அவர்களையெல்லாம் யாரும் கைக்கூலி என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

தூதரகம் என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குத் தைத்தது. போன மாதம் இந்தியாவில், கோத்தகிரியிலிருந்து போன் வந்தது, சின்னம்மா தவறிவிட்டார் என்று. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்ற நம் ஆட்களைப் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1974-ல், அதையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக்கினார்கள். கடையில் பருப்பு நிறுக்கிறவன்கூட இத்தனை சுத்தமாகப் பிரிக்க மாட்டான். அந்த ஒன்றரை லட்சத்தில் ஒருத்தர், 'நான் எந்தப் பக்கம்?' என்று பத்து வருடமாக யாரைக் கேட்டிருப்பார்? கங்காணியையா? கணக்கப்பிள்ளையையா?

1972-ல் எனக்கு 14 வயது. சித்தப்பா குடும்பத்துக்குக் கண்டியில் இந்திய பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், போகிறவர்களின் தகரப் பெட்டிகளில் பெயர் எழுதுவது என் வேலை. ஈர்க்கு நுனியில் பஞ்சு சுற்றி, வெள்ளைப் பெயின்ட்டில் தொட்டு எழுத வேண்டும். சித்தப்பாவின் பெயர் நீளம். மூடியில் ஒரு வரிக்குள் அடங்காமல் கடைசி இரண்டு எழுத்து கீழே இறங்கிவிட்டது. அதற்கடியில், அக்கரையில் முகாம் இருந்த ஊரின் பெயரை, 'மண்டபம்' என்று போட்டேன். பக்கத்தில் குந்தியிருந்த சின்னம்மா, "என் பேரையும் எழுதுடா தம்பி. உள்ளே இருக்கிற சட்டிபானை எல்லாம் என்னுதுதானே" என்றார். இடம் இல்லை சின்னம்மா என்றேன். பக்கவாட்டில் எழுதியிருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை.

கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிறவர்கள் ஏறிய அந்த ரயிலை நம் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். அட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுகிற கூட்டம். நடுவில் முழுக்கைச் சட்டை போட்ட பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். ஸ்டேஷன் அதிகாரியிடம் எத்தனை குடும்பம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், ஒரு பிளேன்டீ குடித்தார், போய்விட்டார். இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் நாலு வரி வந்தது: மேலும் இத்தனை குடும்பங்கள் தாயகம் திரும்பின. சித்தப்பா பிறந்தது டிக்கோயாவில். சின்னம்மா அதுவரை கடலையே பார்த்ததில்லை. எந்தத் தாயகம், எங்கே திரும்புவது?

கோபம் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கையெழுத்துப் போட்டவர்கள் இல்லை டீச்சர், அந்த முழுக்கைச் சட்டைதான். மேசைக்காரர்களுக்கு நாம் எண்ணாகத் தெரிந்தோம், அது அவர்கள் வழக்கம். இவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சின்னம்மா மூன்று பக்கம் சொல்லியிருப்பார். பத்திரிகையில் இருந்தவரை சுத்தம், பதவிக்குப் போனதும் அழுக்கு என்று நீங்கள் கோடு கிழிக்கிறீர்கள். அந்தக் கோடு எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் அண்ணன் எழுதிய பழைய செய்திகளை எடுத்துப் பாருங்கள். எத்தனை ஆட்களின் பெயர் இருக்கிறது, எத்தனை இடத்தில் வெறும் 'தொழிலாளர்கள்' இருக்கிறது என்று எண்ணிவிட்டு அவரிடம் சண்டைக்குப் போங்கள். அது நியாயமான சண்டை.

நீங்கள் கேட்டது சரியா தவறா என்று. சரி, என் வயதில் போகட்டும் என்றுதான் சொல்ல வருகிறது. அந்த ஒப்பந்தம் நம்மைக் கேட்காமல் போட்டது. அப்படிப்பட்ட அறைக்குள் லயத்தில் பிறந்த ஒருத்தர் ஃபைல் தூக்கிக்கொண்டாவது நிற்கட்டுமே. நின்று என்ன செய்வார் என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை. கட்சிக்காரர்கள் கொடுக்கிற வேலை சும்மா வராது என்பதும் எனக்குத் தெரியும்.

புறப்படும் நாள் தெரிந்தால் எழுதுங்கள். வந்து பெட்டியில் பெயர் எழுதித் தருகிறேன். கை நடுங்குகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும். அண்ணி கூடப் போகிறாரா? அதையும் எழுதுங்கள்.