பாடி நடிப்பவர்களுக்கு எந்த மேற்படிப்பு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும் இந்த நேரத்தில், பாட்டையும் நடிப்பையும் சேர்த்துப் பயின்ற மாணவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்துள்ள கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நான் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடிக்கப் போகிறேன். கல்லூரி மியூசிக்கல்களில் (பாட்டு, நடிப்பு, நடனம் மூன்றும் சேர்ந்த நாடகங்களில்) முக்கிய வேடங்கள் ஏற்றிருக்கிறேன். லண்டனில் முதுகலை படிப்பதற்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க அப்பா தயாராக இருக்கிறார். போகலாமா? – மாணவி, சென்னை

இந்த ஆண்டு வேண்டாம். லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், மவுண்ட்வியூ, கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்து ராயல் கன்சர்வேட்டாயர் ஆகிய நிறுவனங்கள் மியூசிக்கல் தியேட்டரில் முதுகலைப் படிப்பு நடத்துகின்றன. ஏறத்தாழ ஓராண்டில் முடிந்துவிடும் இப்படிப்புகள், ஏற்கெனவே குரலும் உடலும் பழக்கப்பட்டவர்களைத் தொழிலுக்குத் தயாராக்குவதற்காக வகுக்கப்பட்டவை. சிறு வயதிலிருந்தே பாடி, ஆடி வந்தவர்களோடு ஒரே வகுப்பில் நிற்கும்போது, அடிப்படையை அங்கே போய்க் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

தேர்வுமுறையைப் பார்த்தாலே இது விளங்கும். வேறுபட்ட சுபாவமுடைய இரண்டு பாடல்கள், ஒரு தனிவசனம், ஒரு நடனச் சுற்று ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். பாடலில் 16 அல்லது 32 பார்கள் (இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதிகள்) போதும் என்று சொல்லிவிடுவதும் உண்டு. நேர்முகத் தேர்வில் பியானோ வாசிப்பவர் உங்கள் இசைத்தாளை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பார். அது உங்கள் சுருதிக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்; எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறீர்கள் என்பதைத் தாளிலேயே குறித்திருக்க வேண்டும்; எந்த வேகத்தில் வேண்டும் என்பதை, விரலைச் சொடுக்கிக் காட்டாமல், முதல் வரியை மெல்லப் பாடிக் காட்டிப் புரியவைக்க வேண்டும். கேட்டுக் கேட்டே பாட்டைப் பிடித்துக்கொள்ளும் நம் மாணவர்கள் பலர் திணறுவது இந்த இடத்தில்தான், குரல் வளத்தில் அல்ல.

ஆகவே ஓராண்டைச் சென்னையிலேயே செலவிடுங்கள். கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்களில் மேற்கத்தியக் குரலிசையையும் இசைக்குறிப்பு வாசிப்பையும் முறையாகக் கற்றுக்கொள்ளலாம். டிரினிட்டி காலேஜ் லண்டன் மியூசிக்கல் தியேட்டருக்கென்றே தரநிலைத் தேர்வுகளை வைத்திருக்கிறது. மும்பையில் 2023-இல் நீதா முகேஷ் அம்பானி கலாசார மையம் திறக்கப்பட்ட பிறகு பெரிய மேடைத் தயாரிப்புகளுக்கு அங்கே இடம் கூடியிருப்பதால், அந்த நகரத்தில் நடக்கும் நடிகர் தேர்வுகளுக்கும் போய்ப் பாருங்கள். அதன்பின் உதவித்தொகையோடு லண்டனில் இடம் கிடைத்தால் தயங்காமல் புறப்படுங்கள். வீட்டை அடமானம் வைத்து மட்டும் போகாதீர்கள். படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடுவதற்கான விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, புதுமுகம் ஒருவருக்காக ஒரு தயாரிப்பு நிறுவனம் விசாப் பொறுப்பை ஏற்பதும் அரிது.

பிளஸ் டூ முடித்ததும் இளங்கலையிலேயே மியூசிக்கல் தியேட்டர் படிக்க முடியுமா? – மாணவர், திருச்சி

முடியும். நமக்கு அருகில் என்றால் சிங்கப்பூர் லாசால் கலைக்கல்லூரியில் மியூசிக்கல் தியேட்டரில் மூன்றாண்டு ஹானர்ஸ் பட்டம் இருக்கிறது. ஆனால் கட்டணத்தோடு அந்நகரத்தின் வாழ்க்கைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே விண்ணப்பியுங்கள்.

அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட் (பெண் வேட நடிகை). நான் பி.காம். படித்துக்கொண்டே சீசனில் ஆர்மோனியம் வாசித்து, சிறு வேடங்களும் போடுகிறேன். நாடகத்தில் மேற்படிப்பு படிக்க ஆசை. ஆனால் நேர்காணலில் இந்தப் பின்னணியைச் சொல்லலாமா என்று தயக்கமாக இருக்கிறது. – மாணவர், மதுரை

முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக ஒப்பந்தமாகி வரும் நடிகர்கள், ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்தித்து விடிய விடிய ஒரு நாடகத்தை நடத்தி முடிப்பது எளிய காரியம் அன்று. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடுபிடிக்கும்போது, எதிரில் நிற்பவர் அடுத்து எந்தப் பாட்டை எந்தக் கட்டையில் (சுருதி அளவில்) எடுப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் வாயைத் திறந்த கணத்தில் சுருதியைப் பிடித்துக் கொடுப்பவர் ஆர்மோனியக்காரர். உலகின் எந்த நாடகப் பள்ளியிலும் மதிக்கப்பட வேண்டிய இந்தத் திறமை உங்கள் கையில் இருக்கும்போது, அதை மறைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகாதீர்கள்.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1918-இல் மதுரையில் பால சபை தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் கற்பித்த அவருடைய மரபில்தான் உங்கள் அம்மாவும் நிற்கிறார். அங்கே நாடகக் கலையில் ஈராண்டு முதுகலை உண்டு. சேர்வதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையையும் பாருங்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் பட்டயத்துக்குப் பட்டப்படிப்போடு மேடை அனுபவமும் கேட்கிறார்கள், உங்களுக்கு அது குறைவில்லை. ஆனால் இந்தியைக் கொஞ்சமாவது பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொண்டு போங்கள். இந்தப் பள்ளிகளில் இயக்கம், ஒளியமைப்பு, மேடை வடிவமைப்பு, உலக நாடக வரலாறு ஆகியவை நன்றாகக் கிடைக்கும். ஆனால் ராஜபார்ட்டின் (கதாநாயக வேடத்தின்) பாட்டுமுறையைக் கற்றுக்கொடுக்கக்கூடியவர்கள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். கோயில் திருவிழாக்கள் மிகுந்த பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் உங்களுக்கு நாடகமும் பருவத் தேர்வும் மோதும் என்பதால், சேரும்போதே துறைத்தலைவரிடம் அதைப் பேசிவிடுங்கள்.

பணத்துக்கு ஒரு வழி: மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் ஈராண்டுக்கு உதவித்தொகை தருகிறது, நாடகமும் அதில் அடங்கும். குருவிடம் பயின்றதற்குச் சான்று கேட்பார்கள். உங்கள் ஆர்மோனிய வாத்தியாரிடம் இப்போதே கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரத்தில் (பிளஸ் டூவுக்கு இணையான வகுப்பில்) நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கிறேன், இசை நாடகத்தில்தான் ஈடுபாடு. அடுத்து என்ன? – மாணவி, யாழ்ப்பாணம்

பள்ளிப் பாடமாகவே நாடகம் இருப்பது உங்களுக்கு வாய்த்திருக்கும் பெரிய வசதி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இதே துறையில் பட்டம் பெறலாம். அரசப் பல்கலைக்கழகங்களில் படிப்பு இலவசம். பாடம் பள்ளிகளில் இருப்பதால் ஆசிரியப் பணிக்கும் வழி இருக்கிறது. நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரன் கதையின் மயான காண்டத்தைப் பாடி நடித்த மண் அது. அந்த மேடைமுறையை நேரில் கண்ட, உடன் நடித்த முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் பாடுவதைப் பதிவுசெய்து மெட்டோடு எழுதி வைக்கும் வேலையை உங்கள் பட்டப்படிப்பின் ஆய்வாகவே எடுத்துக்கொள்ளும்படி மன்றாடிக் கேட்கிறேன். அதற்கு இன்னும் பத்தாண்டுகள் காத்திருக்க முடியாது.

நடிக்க விருப்பமில்லை. மேடைக்கான பாட்டும் கதையும் எழுத வேண்டும். இதற்குப் படிப்பு உண்டா? – வாசகர், பெங்களூரு

உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளி மேடை இசை நாடகம் எழுதுவதற்கென்றே ஈராண்டு முதுகலை நடத்துகிறது. மெட்டமைப்பவரையும் சொல் எழுதுபவரையும் மாற்றி மாற்றி இணைத்து எழுதவைப்பது அதன் முறை. செலவு மிக அதிகம். அதே நகரில் 1961 முதல் நடந்துவரும் பி.எம்.ஐ. லெஹ்மன் எங்கல் பட்டறை கட்டணமில்லாதது, ஆனால் அங்கே குடியிருப்பவருக்குத்தான் பயன்படும்.

தமிழில் எழுதுவதாயிருந்தால், சந்தம் தெரியாமல் மேடைப்பாட்டு எழுதாதீர்கள். சிந்து, கண்ணி, கீர்த்தனை ஆகிய வடிவங்களைத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து படியுங்கள். பாட்டு முடியும்போது கதையும் ஓர் அடி நகர்ந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு பாட்டுக்கும் சோதித்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் எவ்வளவு நல்ல பாட்டானாலும் எடுத்துவிடுங்கள்.

நன்றாகப் பாடி நடிப்பேன், நடனம் வராது. இந்தத் துறையில் நிற்க முடியுமா? – மாணவர், சேலம்

நிற்கலாம். குழு நடன வேடங்கள்தான் உங்களுக்குக் கிடைக்காது. ஆயினும் அடவையோ ஓர் அடிவைப்பையோ பார்த்தவுடன் திருப்பிச் செய்யும் அளவுக்காவது பழகிக்கொள்ளுங்கள்.

மகள் நாடகத்தில் முதுகலை படிக்கிறாள். மேடையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்கிறார்கள். மாதச் சம்பளத்துக்கு வழி உண்டா? – தாய், கோயம்புத்தூர்

அவர்கள் சொல்வது உண்மை. மேடை வருமானம் மட்டும் போதுமானதாக இருப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் அதனால் படிப்பு வீணாகிவிடாது. யு.ஜி.சி. நெட் தேர்வில் நடனம், நாடகம், அரங்கியலுக்குத் தனிப்பாடம் உண்டு. அதில் தேறினால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம், இளநிலை ஆய்வு உதவித்தொகையும் கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வின்போது ஐந்தாண்டு வரை கையில் பணம் இருக்கும். தனியார் பள்ளிகள் பல நாடக ஆசிரியர்களை நியமிக்கின்றன. டப்பிங், ஒலிநூல் வாசிப்பு ஆகியவற்றில் பாடத் தெரிந்த குரலுக்குத் தனி மதிப்பு உண்டு. மேடை நிர்வாகம் தெரிந்தவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஒளியும் ஒலியும் நடிகர் வருகையும் எந்தச் சொல்லில் நிகழ வேண்டும் என்பதைப் பிரதியில் குறித்துவைத்து, பிசகாமல் நடத்தித் தருகிறவரைக் குழுக்கள் விடுவதே இல்லை.

பிறருக்கு உதவும் தொழிலில் நாட்டமிருந்தால், நாடகத்தின் வழியே மனநலத்துக்கு உதவும் நாடகச் சிகிச்சையும் இருக்கிறது. பிரிட்டனில் நாடகச் சிகிச்சையாளர் என்ற பெயரைச் சட்டப்படி பதிவுபெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம். முதுகலைப் பயிற்சி முடித்துப் பதிவுசெய்ய வேண்டும். போகுமுன் இங்கேயே ஒரு சிறப்புப் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ சில மாதங்கள் தன்னார்வமாக வேலை செய்து பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் அந்த அனுபவத்தைக் கேட்பார்கள். அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதும் மகளுக்குத் தெரிந்துவிடும்.