சாம்பல் அள்ளுகிற வேலையா என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, பகாவ் பசாரில் நின்றுகொண்டு நீங்கள் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது: "நாங்கதான் மரம் சீவி காலத்த ஓட்டுனோம், இவன் படிச்சிட்டு சாம்பல் அள்ளவா போறான்?" அள்ளுவதற்கு இயந்திரம் இருக்கிறது. தம்பி ஆசைப்படுவது, கழிவு எரிக்கும் உலைச் சாம்பலின் விஷம் நிலத்துக்குள் இறங்காமல் கட்டிப்போடும் வேதியியலுக்கு.

நம் செம்பனை ஆலை பாய்லர் சாம்பலை நினைத்துக்கொண்டு இதை எடை போடாதீர்கள், அதைச் செடிக்கே போடலாம். குப்பையையும் தொழிற்சாலைக் கழிவையும் எரிக்கும் உலையில் கதையே வேறு. புகையோடு பறந்து வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பலில் ஈயம், காட்மியம், எரியும்போது உண்டாகும் டையாக்சின் என்ற நச்சு எல்லாம் சேர்ந்துவிடும். அப்படியே புதைத்தால் மழைத்தண்ணீர் ஈயத்தையும் காட்மியத்தையும் கரைத்து நிலத்துக்குள் இறக்கிவிடும்.

சிமெண்ட் கலந்து கெட்டியாக்கினால் போதாதா என்று தோன்றும். பல இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் ஈயம் ஒரு வம்பு பிடித்த ஆள்: புளிப்பிலும் கரையும், சுண்ணாம்பு அதிகமானாலும் கரையும். புகையைச் சுத்தம் செய்யத் தூவிய சுண்ணாம்பு ஏற்கெனவே அந்தச் சாம்பலில்தான் கிடக்கிறது. அதனால் பாஸ்பேட் சேர்த்து ஈயத்தைக் கரையாத உப்பாக்குவார்கள், சில இடங்களில் முதலில் கழுவுவார்கள் (கழுவிய தண்ணீர் தனித் தலைவலி). அப்புறம் அந்தச் சாம்பலுக்குப் பரீட்சை. அமெரிக்க முறையில், சாம்பலைப்போல் 20 மடங்கு எடை அசிட்டிக் அமிலக் கரைசல் ஊற்றி, 18 மணி நேரம் சுழலவிட்டு, இறங்கிய ஈயத்தை அளப்பார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தொட்டால் தோல்வி.

வேலை நெகிரி செம்பிலானில் இருக்கும் புக்கிட் நானாஸ் அபாயக் கழிவு மையத்தில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். மலேசியாவின் 2005 விதிமுறைப்படி, இந்த வகை அபாயக் கழிவு வரும் தொழிற்சாலை அதை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சும்மா அடுக்கி வைக்க முடியாது. அதைப் பார்த்துக்கொள்ளத் தகுதி பெற்ற ஆள் வேண்டும், அதற்குச் சுற்றுச்சூழல் இலாகாவின் 'செப்ஸ்வாம்' சான்றிதழ் இருக்கிறது. தூசி உண்டு, முகக்கவசத்தோடுதான் நிற்க வேண்டும், அதை மறைக்கமாட்டேன்.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் வேதியியலும் கணிதமும் நன்றாக வந்தால் படிவம் 6 அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு இரசாயனப் பொறியியல். சுமாராக வந்தால் பாலிடெக்னிக் டிப்ளோமா, அதுவும் கெட்டுப்போன வழியில்லை. தனியார் கல்லூரி ஏஜெண்ட் யாராவது வீட்டுக்கு வந்தால், அந்தப் பொறியியல் பட்டத்துக்குப் பொறியாளர் வாரிய அங்கீகாரம் உண்டா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சனிக்கிழமை தம்பியின் சோதனைத் தேர்வு ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு வாங்க. அவனையும் கூட்டி வாங்க.