ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், தம்பி

தம்பி, நீங்கள் எழுதியதன் சுருக்கம் இதுதானே: சிங்கப்பூர் வந்து எட்டு மாதம். ஜூரோங்கில் ஒரு கிடங்கு நிறுவனத்தில், வெளிநாட்டவருக்கான எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் எக்ஸிகியூட்டிவ் வேலை. மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் "யூ இந்தியன்ஸ்" என்று ஆரம்பித்துத்தான் திட்டுகிறார். சனி, ஞாயிறு ஷிஃப்ட் உங்களுக்கும் இன்னொரு தமிழருக்கும் மட்டுமே மாறி மாறி விழுகிறது. ஹெச்.ஆரிடம் சொன்ன மறுவாரமே, "நீயே ராஜினாமா கொடுத்துவிடு, அதுதான் உனக்கு நல்லது" என்கிறார்கள். பாஸ் அவர்கள் கையில் இருக்கும்போது நமக்கெல்லாம் சட்டம் இருக்கிறதா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே அளவு பலமாக இல்லை. வேலையை விட்டு அனுப்பும் கட்டத்தில் அதன் பிடி இறுக்கம். வேலையில் இருக்கும்போது நடக்கும் பாரபட்சத்துக்கு இன்றைய நிலையில் கொஞ்சம் தளர்வு. அதனால்தான் முதலில் சொல்கிறேன்: அந்த ராஜினாமா கடிதத்தைக் கொடுக்காதீர்கள்.

காரணம் இது. 2019 ஏப்ரல் முதல் வேலை நியமனச் சட்டம் மேலாளர், எக்ஸிகியூட்டிவ் எல்லாரையும் உள்ளடக்குகிறது. வெளிநாட்டவரும் அதில் அடக்கம். இனம், மதம், வயது, பாலினம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு, உடற்குறை இவற்றுக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் அது தவறான பணிநீக்கம் என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. எக்ஸிகியூட்டிவ் பதவியில் இருப்பவரை நோட்டீஸ் கொடுத்து அனுப்பினால், அவர் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால்தான் புகார் செய்ய முடியும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவையும் பணிநீக்கமாகக் கருத இடம் உண்டு. ஆனால் வற்புறுத்தினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு அதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு அவள் பக்கம் நியாயம் இருந்தும் காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

அவர்களாகவே அனுப்பினால்? நோட்டீஸ் கொடுத்து, காரணம் எதுவும் சொல்லாமல் அனுப்பினால், அது தவறில்லை என்றுதான் தொடக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். பாரபட்சம்தான் உண்மைக் காரணம் என்று நீங்கள் காட்டினால் அந்த எண்ணம் மாறும். காரணம் என்று ஒன்றைச் சொல்லி, அது பொய் என்று தெரியவந்தால், அதுவே தவறான பணிநீக்கம். ஆகவே சான்று சேர்ப்பதுதான் இப்போது உங்கள் முதல் வேலை. ஷிஃப்ட் பட்டியல்களை மாதவாரியாக எடுத்து வையுங்கள். யாருக்கு எத்தனை வார இறுதி என்று அதுவே பேசும். மேற்பார்வையாளர் என்ன சொன்னார், என்றைக்கு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஹெச்.ஆரிடம் வாயால் சொன்னதை மறுபடி மின்னஞ்சலில், மரியாதையாக, தேதியோடு அனுப்புங்கள். "ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை" என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். வேலையில் சேர்ந்ததும் எழுத்தில் தந்திருக்க வேண்டிய முக்கிய வேலை நிபந்தனைகளும் சம்பளச் சீட்டுகளும் உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஒன்று மட்டும் கவனம்: வாடிக்கையாளர் விவரம் மாதிரி நிறுவனத்தின் இரகசியங்களை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி, அவர்களுக்கு நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

வேலையில் இருக்கும்போதே புகார் செய்ய டேஃபெப் என்ற முத்தரப்பு அமைப்பு இருக்கிறது. அவர்கள் நிறுவனத்தை அழைத்து விசாரித்து, நடைமுறையைத் திருத்தச் சொல்வார்கள். பிடிவாதம் பிடிக்கும் நிறுவனம் மீது மனிதவள அமைச்சு நடவடிக்கை எடுத்து, புதிதாக வெளிநாட்டவரை எடுக்கும் சலுகையையே நிறுத்திவைக்க முடியும். முதலாளிகள் இதற்குப் பயப்படுவார்கள். ஆனால் டேஃபெப் வழியாக உங்கள் கைக்குப் பணம் எதுவும் வராது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பணிநீக்கம் நடந்துவிட்டால் போக வேண்டிய இடம் வேறு. டேடம் என்ற சச்சரவுத் தீர்வு அமைப்பில் மனுப் போட வேண்டும். வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரே மாதம்தான் கெடு. ஊருக்குப் போய் மனசைத் தேற்றிக்கொண்டு வந்து பார்க்கலாம் என்று நினைத்தால் கெடு முடிந்துவிடும். சம்பள பாக்கிக்கு மட்டும் ஆறு மாத அவகாசம் உண்டு. டேடமில் முதலில் சமரசப் பேச்சு. அது ஒத்துவராவிட்டால் வேலை நியமன உரிமைகோரல் தீர்ப்பாயம். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். கோரிக்கைத் தொகைக்கு வரம்பு 20,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். தொழிற்சங்க உதவியோடு போனால் 30,000. வெளிநாட்டவரும் சங்கத்தில் சேரலாம், இன்றே விசாரியுங்கள்.

புதுச் சட்டம் வந்துவிட்டதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது உண்மை. இனம், மதம், மொழித்திறன், வயது, தேசியம், கர்ப்பம், மனநலம் எல்லாம் அதில் வருகின்றன. புகார் செய்தவரைப் பழிவாங்குவதற்கும் அதில் தடை உண்டு. ஆனால் அது நடைமுறைக்கு வருவது 2027 இறுதியில் என்றுதான் அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதோடு, 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. எனக்கு இந்த விலக்கில் உடன்பாடு இல்லை. ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் புகாரை எடுத்துச் செல்ல வேறு மேலதிகாரியே இருக்க மாட்டார்.

கடைசியாகப் பாஸ். அதை ரத்து செய்வது முதலாளி கையில்தான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தானால் அன்றே விமானம் ஏற வேண்டும் என்றில்லை, பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். புது முதலாளி உங்களுக்கு எஸ் பாஸ் விண்ணப்பிக்கப் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. அதனால் வேறு வேலை தேடுவதை இப்போதே தொடங்குங்கள். புகாரும் தேடலும் சேர்ந்தே நடக்கலாம். அப்புறம், கடைசிச் சம்பளத்தை வரிக் கணக்கு முடியும்வரை பிடித்துவைப்பது வெளிநாட்டவருக்குச் சட்டப்படியான நடைமுறை. அதைப் பாரபட்சம் என்று மனுவில் சேர்த்து உங்கள் வழக்கை நீங்களே பலவீனமாக்க வேண்டாம்.

ஹெச்.ஆர். மறுபடி கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினால், "படித்துவிட்டுச் சொல்கிறேன், ஒரு நகல் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அங்கேயே கையெழுத்துப் போட உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அறையை விட்டு வந்ததும் அங்கே என்ன பேசினார்கள் என்று அவர்களுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு, எனக்கும் தகவல் சொல்லுங்கள். டேடம் மனுவை எழுதக் கூட உட்கார்ந்து உதவுகிறேன்.