ஈரல் சுருக்கத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: காணியை விற்றுப் போகலாமா?

களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் கேட்கிறார்: அப்பாவுக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். இந்தியாவில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் மாறுமாம், வயல்காணியை விற்கலாமா?

விற்க வேண்டாம் தம்பி. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். அதை ஈரலுக்கு ஏற்றுவது இன்னும் ஆராய்ச்சிதான்.

பிரித்தானியாவில் 81 நோயாளிகளை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2018இல் வந்தது. எலும்பு மச்சையின் ஸ்டெம் செல்களை மருந்து கொடுத்து இரத்தத்துக்கு வரவழைத்து, பிரித்தெடுத்து, ஒரு பகுதியினருக்குத் திரும்ப ஏற்றினார்கள். ஈரல் தேறவில்லை. செல் ஏற்றியவர்களுக்கே பாரதூரமான பாதிப்புகள் அதிகமாக வந்தன.

ஏற்றும் செல்கள் புது ஈரலாக முளைத்துவிடும் என்பது விளம்பரப் பேச்சு. அவை சுரக்கும் பொருட்கள் அழற்சியையும் தழும்பையும் குறைக்குமா என்றுதான் இப்போது பார்க்கிறார்கள். எனக்கு அதிக நம்பிக்கை தருவது எடின்பரோ ஆய்வு. நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்தே மக்ரோபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்களை வளர்த்து 9 பேருக்கு ஏற்றினார்கள். பாதுகாப்பானது என்று 2019இல் வெளியிட்டார்கள். அதுவும் முதல் படிதான்.

சரி, இப்போது என்ன செய்வது? காரணத்தை நிறுத்துங்கள். சாராயம், கசிப்பு என்றால் ஒரு சொட்டும் கூடாது. ஹெபடைட்டிஸ் பி என்றால் மாத்திரை இருக்கிறது. காரணம் நின்றால் தழும்பே ஓரளவு குறையலாம். வயிற்றில் நீர் கட்டியிருந்தால் கருவாட்டையும் உப்பையும் குறைக்க வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிளினிக்கைத் தவறவிடாமல், ஈரல் மாற்று சத்திரசிகிச்சைக்கு ராகமை வைத்தியசாலைக்கு அனுப்பலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள். இரத்த வாந்தி, கறுப்பு மலம், தடுமாற்றமான பேச்சு என்றால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.