பெர்லினில் ஒரு செமஸ்டர்: புறப்படப் போகும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அக்டோபரில் பெர்லின் ஃப்ரையே பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் கிடைத்திருக்கிறது, அறை எப்படித் தேடுவது, வகுப்புகள் எப்படி இருக்கும் என்று விரிவாகக் கேட்டிருந்தீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், "அவ்வளவு பெரிய இடத்தில் நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடுமோ அக்கா" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் பட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நானும் இதே ஊருக்கு எக்ஸ்சேஞ்சில்தான் முதலில் வந்தேன், வேறொரு பல்கலைக்கழகத்துக்கு. திரும்பிப் போய்ப் படிப்பை முடித்து, முதுகலைக்கு மறுபடி வந்து, வேலை கிடைத்து இங்கேயே தங்கிவிட்டேன். அதனால் சொல்கிறேன்: ஆமாம், தெரியாமல் போகலாம். முப்பதாயிரத்துக்கு மேல் மாணவர்கள் படிக்கிற இடம் அது. நீங்கள் ஒரு வாரம் வகுப்புக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது வெறுப்பில்லை, அலட்சியமும் இல்லை. வளர்ந்தவர்களை அவரவர் போக்கில் விட்டுவிடுவதுதான் மரியாதை என்பது இங்குள்ள வழக்கம். இது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது.

என் முதல் வகுப்பைப் பற்றிச் சொன்னால் விளங்கும். அட்டவணையில் பத்து மணி என்று இருந்தது. ஒன்பது ஐம்பதுக்கே போய்விட்டேன். அறையில் ஒருவரும் இல்லை. பத்து ஆயிற்று, பத்து ஐந்து, யாரும் வரவில்லை. அறையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் கீழே அறிவிப்புப் பலகையைத் தேடிப் போனேன். சுற்றிவிட்டுத் திரும்பும்போது பத்து இருபத்தைந்து. கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அறை நிறைய ஆட்கள், பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார். கைப்பிடியில் கை வைத்தேன், திறக்க மனம் வரவில்லை. விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று இரவு பொதுச் சமையலறையில் பக்கத்து அறைப் பெண்ணிடம் கேட்டேன். அட்டவணையை வாங்கிப் பார்த்து, மணிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த சி.டி. என்ற இரண்டு எழுத்தைக் காட்டினாள். 'கும் டெம்போரே' என்ற லத்தீன் சொற்களின் சுருக்கம். அப்படிப் போட்டிருந்தால் வகுப்பு கால் மணி நேரம் தள்ளித் தொடங்கும், பத்து என்றால் பத்தே கால். எஸ்.டி. என்று இருந்தால்தான் சரியாகப் பத்து. சொல்லிவிட்டு, இன்னொன்றும் சேர்த்துச் சொன்னாள்: வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள், பயப்படாதே, அதுதான் இங்கே கைதட்டல். அடுத்த வாரம் வகுப்பு முடிந்தபோது நூறு பேர் விரல் மடக்கி மேசையைத் தட்டினார்கள். நானும் மெதுவாகத் தட்டினேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் கேட்டால் முழுசாகச் சொல்வார்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெண் அதற்கு முன் பத்து நாளாக என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிப் போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் வாயைத் திறந்த அன்றுதான் அவளும் உட்கார்ந்தாள். நீங்கள் அந்தப் பத்து நாளை வீணாக்க வேண்டாம்.

உங்களுக்கு முதலில் உதவப்போகிற ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். டாலெம் பகுதியில் உள்ள உங்கள் பல்கலைக்கழகத்தின் பெரிய கட்டடத்தொகுதியில் அறை எண் 'ஜேகே 27' என்கிற மாதிரி இருக்கும். அங்கே நீளமான நடைபாதைகளைத் தெரு என்றே சொல்வார்கள்: ஜே தெரு, கே தெரு, எல் தெரு. ஜேகே என்றால் அறை ஜே தெருவுக்கும் கே தெருவுக்கும் நடுவில். 27 என்பது குறுக்கே போகிற நடையின் எண், அதற்குப் பின்னால் வருவது அறையின் எண். வகுப்பு தொடங்குவதற்கு முந்தின நாள் ஒரு தடவை போய் நடந்து பார்த்துவிடுங்கள்.

பாடம் தேர்வு செய்யும்போது எல்லாவற்றையும் பெரிய விரிவுரையாக எடுக்காதீர்கள். இருநூறு பேர் உட்காரும் ஹாலில் நான்கு மாதம் இருந்தும் பக்கத்தில் இருப்பவர் பெயர் தெரியாது. இருபது, இருபத்தைந்து பேர் வரும் செமினார் ஒன்றாவது கட்டாயம் எடுங்கள். அங்கே இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு தலைப்பைப் பேசச் சொல்வார்கள். அந்தக் குழுவோடு காபி குடிக்கப் போகிற அன்று உங்களுக்கு இந்த ஊரில் நாலு பேர் கிடைத்துவிடுவார்கள். பேராசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஷ்ப்ரெக்ஷ்டுண்டே என்று மாணவர்களைச் சந்திக்கும் நேரம் உண்டு. சந்தேகம் இருந்தால்தான் போக வேண்டும் என்றில்லை. இரண்டாம் வாரமே போய், நான் இன்னார், இங்கிருந்து வந்திருக்கிறேன், இந்தப் பாடத்தில் எனக்கு இது புதிது என்று சொல்லிவிட்டு வாருங்கள். என் வாழ்க்கையில் எனக்கு முதுகலை இடம் கிடைத்ததே அப்படிப் போன ஒரு பத்து நிமிடப் பேச்சினால்தான்.

அப்புறம் எக்ஸ்சேஞ்ச் மாணவர் கூட்டம். அறிமுக வாரத்தில் மூன்றே நாளில் பத்து நாட்டு நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள், வாரக் கடைசி ஆனால் பயணம், பார்ட்டி. நல்ல பிள்ளைகள்தான், அனுபவியுங்கள். ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தால் பிப்ரவரியில் எல்லோரும் ஒரே வாரத்தில் பெட்டி கட்டும்போது, இந்த ஊர்க்காரர் ஒருவரைக்கூடத் தெரியாமல் நிற்பீர்கள். தமிழர்களோடு மட்டும் இருந்தாலும் அதே கதைதான். பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வகுப்புகள் விலை குறைவு, ஆனால் பதிவு திறந்த சில நிமிடங்களில் பல வகுப்புகள் நிரம்பிவிடும். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு வாரம் ஒரே நாள், ஒரே நேரம் போகிற மாதிரி ஒன்றைப் பிடியுங்கள். தமிழோ ஆங்கிலமோ கற்க விரும்பும் ஒருவரோடு ஜெர்மன் பேசிப் பழகும் டாண்டம் முறையும் உண்டு. பெர்லினில் ஆங்கிலத்தை வைத்தே காலம் தள்ளலாம், உண்மைதான். ஆனால் மேசையில் ஐந்து பேர் இருக்கும்போது பேச்சு ஜெர்மனுக்குத் திரும்பிவிடும். அங்கே பாதியாவது புரிய வேண்டும்.

சரி, அறை. மாணவர் விடுதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் இருக்கிறதா என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தனியாரிடம் தேடினால் ஒரே ஒரு விதி: அறையைப் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதுபவர் திருடர், சந்தேகமே வேண்டாம். நேரில் போக முடியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை அனுப்பிப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று அதிக வாடகை கொடுக்காதீர்கள். செமஸ்டர் கட்டணத்தோடு வருகிற பயண அட்டையில் ஊருக்குள் எல்லா ரயிலும் பேருந்தும் ஏறலாம், ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களிலும் போகலாம். அதிவேக ரயில்களில் மட்டும் செல்லாது. ஒரு மணி நேரப் பயணம் இங்கே சாதாரணம்.

வாடகைக்கு விடுபவரிடம் முதலிலேயே கேட்க வேண்டியது, முகவரிப் பதிவுக்கான உறுதிப் படிவம் கையெழுத்திட்டுத் தருவாரா என்பது. குடியேறி 14 நாளுக்குள் பியூர்கர்அம்ட் என்ற மக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், இதைத்தான் அன்மெல்டுங் என்பார்கள். படிவம் தர மறுத்தால் அந்த அறை உங்களுக்கு ஆகாது. பெர்லினில் இதற்கான முன்பதிவு நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. உங்கள் பகுதி அலுவலகம் மட்டும் என்றில்லை, நகரத்தின் எந்த பியூர்கர்அம்டுக்கும் போகலாம். அறை முடிவான அன்றே நேரம் பதியத் தொடங்குங்கள். காலையில் முன்பதிவு இணையதளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தால், யாரோ ரத்து செய்த நேரம் அகப்படும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்று. இங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது முழுச் சுமை. முதல் முறை வருபவர் அதைவிடக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் நல்லது, ஆனால் ஊரில் உள்ள உங்கள் கல்லூரி எத்தனை கேட்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள். வந்த பிறகு பாடம் மாறுவது சகஜம். மாறினால் லேர்னிங் அக்ரிமென்ட்டை, அதாவது எந்தப் பாடங்களை எடுக்கிறீர்கள் என்ற ஒப்பந்தத்தை, திருத்தி இரண்டு கல்வி நிறுவனங்களிடமும் உடனே கையெழுத்து வாங்கிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். செமினார்களுக்குத் தேர்வுக்குப் பதில் ஹவுஸ்ஆர்பைட் என்ற நீண்ட கட்டுரை எழுத வேண்டியிருக்கும். அதன் கெடு பெரும்பாலும் வகுப்புகள் முடிந்து பல வாரம் கழித்து வரும், நீங்களோ அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள். நூலகம் பக்கத்தில் இருக்கும்போதே, ஜனவரியிலேயே தலைப்பைப் பேசி முடித்து எழுதத் தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக, டிசம்பர். அதை யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் காலை எட்டே கால் ஆகும் சூரியன் வர, மாலை நாலுக்கு முன்னாலேயே போய்விடும். நடுவிலும் பல நாள் வெறும் சாம்பல் வானம். வகுப்புக்கு விடுமுறை, விடுதி காலி, நண்பர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் நான் அறைக்குள்ளேயே முடங்கினேன், அம்மாவிடம் போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே. நீங்கள் நண்பகலில் ஒரு மணி நேரம் வெளியே நடங்கள், வானம் எப்படி இருந்தாலும். விடுமுறைக்கு முன், நூலகம் திறந்திருக்கும் நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டு அறையை விட்டு அங்கே போய் உட்காருங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் மொழி, இலக்கிய நூலகத்தை நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்தார், 2005-இல் திறந்தது, மூளை மாதிரி இருக்கும். உள்ளே வெளிச்சம் மென்மையாக விழும். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல் போனால் மாணவர்களுக்கான உளவியல் ஆலோசனை இலவசமாகவே உண்டு, தயங்காமல் நேரம் வாங்குங்கள். வீட்டில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

செமினார் பட்டியல் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்த்துத் தேர்வு செய்வோம்.